முடியாத செவ்வாய்க்கிழமை

ராஜபாளையத்தில் மில் பிட்டர் சேதுபதியின் வீட்டில் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை முடியாமல் நின்றுவிட்டது. தெருவில் புதன் வந்தது, வியாழனும் வந்தது. அவர் வீட்டுக்குள் செவ்வாய் மாலை நாலு மணி வெயிலே கிடந்தது. பால்காரர் எப்போதும்போல வந்து போனார். வீட்டார் வாசற்படியைத் தாண்டினால் மட்டும் கால் மறுபடி அடுப்படியில் விழுந்தது.

சேதுபதி எதையும் மறுத்தவரல்ல. நாளைக்கு என்பார், அவ்வளவுதான். ஒழுகும் குழாய்க்கும், தங்கச்சியிடம் பேச வேண்டிய போனுக்கும், மனைவி பாண்டீஸ்வரியின் கால் உடைந்த மூக்குக்கண்ணாடிக்கும் அதே பதில். மில்லில் கருத்தம்மாவின் மிஷினில் கழன்று கிடந்த மூடியை மேஸ்திரி மாட்டச் சொன்னபோதும் அதையே சொன்னார். அன்றைய ஷிப்டிலேயே அவளுக்கு இரண்டு விரல்கள் போயின. அவளுடைய அஜாக்கிரதை என்றது மில். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, சேதுபதியைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வாய்தா. மூடியைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

"இருந்த நாளையெல்லாம் சொல்லிச் சொல்லியே தின்னுட்டீய. இனி இன்னைக்கு மட்டுந்தான் மிச்சம்" என்றாள் பாண்டீஸ்வரி.

தெருவில் வெள்ளி விடிந்தபோது சேதுபதி குழாயைப் பிரித்து வாஷர் மாற்றினார். சுவரில் வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. பதறிப்போய்க் கண்ணாடிக்குக் கால் மாட்டினார், தங்கச்சியிடம் பேசினார். வெயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஓடிப்போய் வாசலைத் தாண்டினார், அடுப்படியில் நின்றார்.

ஒன்பது மணிக்குக் கருத்தம்மா ஜன்னலுக்கு வந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே. வாரீயளா, இல்லையா?"

கம்பியைப் பிடித்திருந்த மூன்று விரல்களை அவர் பார்த்தார். நாக்கு தன் பாட்டுக்கு 'நாளைக்கு' என்று தொடங்கியது. சுவரில் வெயில் பின்னுக்கு ஊர்ந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்த மூடிய மாட்டச் சொன்னது என்கிட்டதான் தாயி. பொறவு பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

கருத்தம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "அத அங்க வந்து சொல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்குள் ஒரே நிமிஷத்தில் மூன்று முறை இருட்டி மூன்று முறை விடிந்தது. படிக்கு வெளியே தெரு இருந்தது. பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனார்கள். கூண்டில் ஏறி அவர் எதையும் விடாமல் சொன்னார். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அவருக்கு வேலை போனது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அவள் அவரை மறுபடி அண்ணே என்றாள்.

அந்த வீட்டார் தெருவைவிட மூன்று நாள் இளையவர்கள். பாண்டீஸ்வரியின் பிறந்த நாளுக்கு அக்கம்பக்கத்தார் மூன்று நாள் கழித்தே பாயசத்துக்கு வருகிறார்கள்; ஏன் என்று யாரும் கேட்பதில்லை.