யார் செய்த சாலட்

எங்கள் மெம்ஃபிஸ் கறுப்பர் சர்ச் விருந்தில், யார் செய்தது என்று தெரியாமல் உருளைக்கிழங்கு சாலட்டில் யாரும் கரண்டி போடுவதில்லை. கேட்க வெட்கப்படுவதும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் எர்லீன் கேட்டாள். செய்தவள் பெயரைச் சொன்னதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பக்கத்தில் அவள் சிநேகிதி வெர்நெட்டா எதையுமே தொடவில்லை.

"உனக்கென்னடி, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"என்னை மேனேஜர் ஆக்கப் போறாங்களாம்."

எர்லீன் சோளரொட்டியை மென்று முடித்தாள்.

கண்ணுகளா, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்த ஆலையில் இளவயதில் சேர்ந்தவள் வெர்நெட்டா. அந்த மேனேஜர் நாற்காலியை இரண்டு முறை வாய்விட்டுக் கேட்டாள். இரண்டு முறையும் வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்து உட்கார்ந்தான். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது இவள்தான். இப்போது கேட்காமலே வருகிறது.

"யாரு வந்து சொன்னது?"

"மேலாபீஸ் ஹாலிஸ். கேக்கோட வந்தான். சிரிச்சான்."

"உன்னைப் பாத்தா? கேக்கைத் தின்னுட்டியா?"

"இல்ல."

"பொழச்ச. இதுவரைக்கும் மேனேஜரா இருந்த கிராடக் ஏன் வேலைய விட்டானாம்?"

"குடும்பத்தோட இருக்கணுமாம்."

"அவனுக்கேதுடி குடும்பம்? பொண்டாட்டிதான் நாயையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாளே!"

வெர்நெட்டா சிரித்துவிட்டாள். ஆனாலும் ஆசை போகவில்லை. அத்தனை வருஷத்து ஆசை.

மறுநாள் ஆலையின் மாடி ஆபீஸில் ஹாலிஸ் மேனேஜர் வேலைக்கான காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான். பேனாவை எடுத்தவள் கேட்டாள்:

"சார், கிறிஸ்துமஸ் பன்றித்தொடைக்கு ஆர்டர் சொல்லிடவா?"

வருஷாவருஷம் வாசலில் நின்று, பண்டிகைப் பரிசாக ஆளுக்கொரு பன்றித்தொடையை மேனேஜர்தான் கையில் கொடுப்பார். அப்படி நின்று கொடுப்பதாக அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்ததுண்டு.

"அதுக்கென்ன அவசரம், வெர்நெட்டா?"

"எப்பவும் இந்த மாசம்தானே சார் சொல்லுவோம்?"

"இந்தத் தடவை வேண்டாம்." அவன் பார்வை ஜன்னல் பக்கம் போயிற்று.

அவளுக்கு விளங்கிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஆலை இருக்காது. அதை ஆலையில் வேலை செய்யும் பெண்களிடம் சொல்ல அவர்களுடைய நிறத்திலேயே ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

"மூடப் போறீங்களா சார்?"

"எவ்வளவு பெரிய வாய்ப்பு இது! நீங்கல்லாம் எதையுமே நம்ப மாட்டீங்க."

"ஆமாவா, இல்லையா?"

அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான். "நீ சொன்னா அவங்க கேப்பாங்க, வெர்நெட்டா."

"கேப்பாங்க சார்."

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப்போய் இயந்திரங்களை நிறுத்தினாள். ஈரத்துணியும் கையுமாக எல்லாரும் திரும்பினார்கள். இருப்பவர்களில் இளையவளான ஷவோன்தான் முதலில் வாய் திறந்தாள்.

"மிஸ் வெர்நெட்டா, இனிமே உங்களுக்கு சல்யூட் அடிக்கணுமா?"

"வேண்டாம்மா. வேற வேலை தேடு. எல்லாரும் இன்னைக்கே தேட ஆரம்பிங்க. கிறிஸ்துமஸுக்கு இந்த இடம் இருக்காது."

மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஹாலிஸ், இயந்திரத்தை ஓட்டச் சொல்லிக் கையை ஆட்டினான். ஒருத்தியும் அசையவில்லை. வெர்நெட்டா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.