புத்தலப்பட்டு தாண்டியாச்சு

சவப்பெட்டியை வைக்க ஹாலில் இடமில்லை. கம்ப்யூட்டர் மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஜெபசிங் பிடித்தான்; மறுபக்கம் அவன் அப்பாவின் ரேடியோ சிநேகிதர் தணிகாசலம்.

"ஒயரு ஜாக்கிரதை தம்பி. ஓடிக்கினு கீது."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா தனராஜ் ரிட்டையரான பிறகு வைத்த கேட்வே அது. ரேடியோ மாட்டிய கார்கள் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். மொட்டைமாடி ஆன்டெனா அதைக் கேட்டு, மேசைமேல் உள்ள பொட்டி வழியாக இன்டர்நெட்டுக்கு அனுப்பும். திரையில் திருப்பதி வரைபடத்தின் மேல் புள்ளிகள் நகரும். வீட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை. மனுஷனுக்கு வேறு வேலையில்லை என்று விட்டுவிட்டார்கள். போன கிறிஸ்துமஸுக்கு மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது அவன் காரிலும் ஒரு ரேடியோவை மாட்டிவிட்டார்.

"புத்தலப்பட்டு தாண்டினா போதும், என் பொட்டிக்கு நீ வர்றது கேக்கும்டா" என்றார்.

அதன்பிறகு அவன் வரவேயில்லை. ஆபீஸ், ஆபீஸ் என்றான். நேற்றுதான் வருவதாக ஒப்புக்கொண்டான். விடியலில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கினான். பாதி வழிகூட வராமல் கோலாரில் ஓட்டலில் உட்கார்ந்து தோசை சாப்பிடும்போது போன் வந்தது.

"எங்கடா கீற?"

"புத்தலப்பட்டு தாண்டியாச்சு நைனா."

"ஸ்கிரீன்ல காணமே?"

"உங்க பொட்டில ஏதோ கோளாறு. மேல போய் ஆன்டெனாவ பாருங்க. கொரங்கு ஆட்டி வுட்டிருக்கும்."

வாயில் வந்ததைச் சொல்வது அவனுக்குப் பழக்கம்தான். தாமதத்துக்கு ஒரு பங்க்சர் கதையும் கைவசம் வைத்திருந்தான். இன்னொரு காபி சொன்னான்.

இப்போது அம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். கிருபாபாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"புள்ள வந்துக்கினு கீறான், என் பொட்டிதான் காதுல வாங்கலன்னாரு. நெஞ்சு வலிக்கிற மனுஷன், ஏணி ஏறாதீங்கன்னேன். அவன் வர்றதுக்குள்ள சரி பண்ணணும்னு ஏறினாரு. அங்கயே சாஞ்சிட்டாரு. அந்தப் பொட்டிய தூக்கி எறிங்க. அதுதான் அவர கொன்னுச்சு."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா சந்தேகப்பட்டது பொட்டியைத்தான். மகனை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. அதை நினைக்க நினைக்க அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. பழி பொட்டியோடு போகட்டும் என்று உள்ளே ஒன்று சொன்னது. அப்படிச் சொன்னதற்காகவும் வெட்கமாக இருந்தது.

தணிகாசலம் திரையின் முன் குனிந்திருந்தார். புத்தலப்பட்டிலிருந்து இந்தத் தெரு வரைக்கும் அவன் கார் வந்த கோடு அதில் இருந்தது.

"பாரு தம்பி, மத்தியானத்துக்கு மேல நல்லா கேட்டுக்குது. அவரு போன பொறவு. லூஸ் கான்டாக்ட்டு." ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளைத் தொட்டார். "கேபிள் ஜாயின்ட்டு போட்டது நான்தான். அவரு வேணாம், நானே பாத்துக்கறேன்னாரு. நான்தான் பிடிவாதமா போட்டேன். ஒழுங்கா போட்டிருந்தா அவரு மேல ஏறியிருப்பாரா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அங்கிள், ஜாயின்ட்டு நல்லாத்தான் கீது" என்றான் ஜெபசிங்.

"உனக்குத் தெரியாது தம்பி."

"பொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு." அவன் தலை குனிந்தே இருந்தது. "நைனா போன் பண்ணப்ப நான் கோலார்ல இருந்தேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம் கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

கிருபாபாய் மகனின் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து மேசையருகே போனாள். பொட்டியின் மேலிருந்த தூசை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.