கண்ணுச்சாமி ஷெட்டும் கிளட்சுத் தோலும்

கண்ணுச்சாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரையில் மோட்டார் வைத்திருந்தவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான். அவர்கள் அத்தனை பேரும் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த அவனுடைய ரிப்பேர் ஷெட்டுக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதால் வந்த நீளம் அது. ஒரு நட்டு கழன்றால்கூட வண்டிக்குச் சொந்தக்காரர் தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் அப்புறம் அந்த வண்டியை உள்ளே விடமாட்டான். கோர்ட்டையே கிடுகிடுக்க வைக்கும் வக்கீல்கள்கூட அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

சிஹாபுதீன் மட்டும் நிற்கவில்லை. காஜிமார் தெருவில் தோல் மண்டி வைத்திருந்தவர் அவர். சீமைக்குத் திரும்பிய ஒரு மில் இன்ஜினியரிடமிருந்து பந்தய மோட்டார் ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டே பேர்தான் உட்காரலாம், கதவு கிடையாது, மூக்கு மட்டும் முழ நீளத்துக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார், பிரேக்கை முறுக்குவார், கெடுப்பார், மறுபடி சரிசெய்வார். மண்டி முதலாளி முகத்தில் கரியோடு திரிகிறாரே என்று தெருவே சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, வாய் வலித்தால் தானே நிறுத்துவார்கள் என்று அவர் இருந்துவிட்டார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் கிளட்சுத் தோல் கருகிவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கூம்பு மாதிரி ஒரு இரும்பு இருக்கும். அதைச் சுற்றி ஒரு தோல் பட்டை. அந்தப் பட்டை பிடித்தால்தான் வண்டி நகரும். பிடிக்காவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும்.

கண்ணுச்சாமி விஷயம் கேள்விப்பட்டு மண்டிக்கே வந்தான்.

"பாய், அந்தத் தோலு சீமையிலருந்து கப்பல்ல வரணும். நாலு மாசமோ, அஞ்சு மாசமோ. அதுவரைக்கும் வண்டியை ஷெட்டுல போடுங்க. இல்லாட்டி எனக்கே வித்துருங்க."

சிஹாபுதீனுக்குச் சுள்ளென்று ஏறியது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்திருக்கிறான்! சுற்றிலும் கூரை முட்ட அடுக்கியிருந்த தோலைக் கையால் காட்டினார்.

"இங்கருந்து கப்பலேறிப் போற தோலுதானய்யா சீமைத் தோலா திரும்பி வருது? நானே வெட்டிப் போட்டுக்கிறேன்."

"வெட்டிப் போடுறீரா? அது என்ன செருப்பா?" கடை வாசலில் நின்றவர்கள் காதில் விழும்படி கண்ணுச்சாமி சிரித்தான். "உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் போயி, என் ஷெட்டு வாசலுக்குத் திரும்பி வந்து காட்டும் பாப்போம்."

"ஞாயித்துக்கிழமை வாரேன். வழியில ஒருத்தன் கயிறு கட்டி இழுத்தாலும் வண்டி உம்முடையது. எடுத்துக்கிரும்."

"ஜெயிச்சா?"

"எனக்கு உம்மகிட்டருந்து ஒண்ணும் வேணாம்."

வீட்டில் மனைவி லத்தீபா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "பந்தயம் கட்டுறது ஹராமுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"வாங்குற பந்தயமில்ல புள்ள இது. குடுக்குறது மட்டுந்தான்."

"அது அதைவிடக் கூறுகெட்ட வேல," என்றாள். ஆனால் திட்டிக்கொண்டே வந்து தோலின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். புருஷனை வீட்டுக்குள் வைத்துத் திட்டுவது வேறு, கண்ணுச்சாமி முன்னால் விட்டுக்கொடுப்பது வேறு.

மண்டியிலேயே முதல் ரகத் தோல் அது. ஊறவைத்து, இழுத்து, கூம்பின்மேல் சுற்றி, செம்பு ஆணி அடித்து இறக்கினார்கள். ஆணித் தலை வெளியே தெரியாதபடி தட்டி உள்ளே புதைத்தார். காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவினார். ஒரு பூச்சு போதும். ஆனால் பரம்பரைத் தோல் வியாபாரியின் கை அது. தோல் வறண்டு கிடந்தால் அந்தக் கைக்குப் பொறுக்காது. இன்னொரு பூச்சு, அதற்கு மேலும் ஒன்று என்று தேய்த்துத் தேய்த்து, தோல் முகம் பார்க்கிற மாதிரி மின்னியதும்தான் நிறுத்தினார். அவரையும் மீறி "மாஷா அல்லாஹ்" என்று வாயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முன்னால் பந்தய மோட்டார், பின்னால் கயிற்றுச் சுருளோடு கண்ணுச்சாமியின் கார். போகும்போது குறையே இல்லை. உசிலம்பட்டிச் சந்தையில் மாடுகள் மிரண்டு, ஆட்கள் ஏசி, எல்லாம் சிறப்பாகவே நடந்தது. திரும்பி வருகையில், செக்கானூரணி தாண்டி ஒரு சின்ன மேட்டில், எஞ்சின் வீரிட்டது. வண்டி நகரவில்லை. தோல் வழுக்கியது.

கண்ணுச்சாமி பின்னால் வந்து நிறுத்தி, இறங்கி, கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பக்கத்துக் கொல்லையில் உழுதுகொண்டிருந்த நல்லகாமன் ஏரை நிறுத்திவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். தோல் வாங்க வரும் சிஹாபுதீனை அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் பாய்மார்களுக்கும் மாமன் மச்சான் முறைதான்.

"என்ன மாமா, மக்கர் பண்ணுதா? கட்டுங்க மாட்டை. நாகமலை வரைக்கும் இழுத்து விட்டுர்றேன்."

"மாட்டை அங்கிட்டு ஓட்டு மாப்ள! கயிறு பட்டா வண்டி போச்சு!"

அடிப்பலகையைக் கழற்றிக் குனிந்து பார்த்தார். வெயிலிலும் சூட்டிலும் தோல் குடித்திருந்த எண்ணெயெல்லாம் மேலே வந்து வழிந்துகொண்டிருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. கண்ணுச்சாமி கெடுக்கவில்லை, சீமைக்காரன் கெடுக்கவில்லை. தான் அழகு பார்த்துக் கெடுத்தது இது.

மண்டியில் இதற்கு மருந்து உண்டு. எண்ணெய் மிஞ்சின தோலில் உவர்மண்ணைத் தூவி வைப்பார்கள். மண் எண்ணெயைக் குடித்துவிடும், கூடவே தோலின் மினுக்கையும் தின்றுவிடும். அப்புறம் அதைக் கடைசி ரகத்தில்தான் சேர்க்க முடியும். தன் கையால் ஒரு நல்ல தோலுக்கு அவர் அதைச் செய்ததே இல்லை.

"மாப்ள, இங்க உவர்மண்ணு எங்க கெடக்கு?"

"துணி வெளுக்கிற மண்ணா? அந்தா, ஊருணிக் கரையில பூத்துக் கெடக்கே. எம்புட்டு வேணும்?"

"துண்டு நெறைய."

நல்லகாமன் அள்ளி வந்த மண்ணை வேட்டித் துணியில் சலித்து, பொடியை மட்டும் எடுத்தார். கிளட்சு மிதியை அமுக்கி, மிதிக்கும் ஆசனத்துக்கும் நடுவே நல்லகாமனின் தார்க்கம்பை முட்டுக் கொடுத்தார். கூம்பு விலகிய சந்தில் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். மின்னிய தோல் கண்ணெதிரே சாம்பல் பூத்தது. போனால் போகட்டும் என்று இன்னும் ஒரு கை போட்டார்.

"வண்டிக்கு மண்ணள்ளிப் போடுற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றான் கண்ணுச்சாமி.

"நல்லாப் பாத்துக்கிரும்."

கம்பை உருவி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பி, மிதியை விட்டார். வண்டி ஒரு எகிறு எகிறி மேட்டில் பாய்ந்தது. பின்னால் நல்லகாமன் போட்ட சீழ்க்கை ஊருணி வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் ஷெட் வாசலில் கூட்டம். பந்தய மோட்டாருக்குப் பின்னால் வந்து இறங்கிய கண்ணுச்சாமியைப் பார்த்ததுமே முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் விடுவானா?

"இது ரிப்பேரா? மண்ணைப் போட்டு ஒப்பேத்திருக்கீரு. நாலு நாள் தாங்காது."

"தாங்கலைன்னா வேற தோலு போடுவேன். அதுவும் போனா அதுக்கு மேலயும் போடுவேன். கெட்டுப்போறதும் என் வண்டி, கெடுக்கிறதும் என் கை. உமக்கென்ன?" அடிப்பலகையைத் தூக்கித் தரையில் வைத்தார். "ஒளிக்க ஒண்ணுமில்ல. வந்து பாருங்கய்யா எல்லாரும்."

ஒருவரும் அசையவில்லை. நாளைக்கும் இதே ஷெட்டுக்கு வண்டி கொண்டுவர வேண்டியவர்கள். சிஹாபுதீனுக்கு வந்த கோபத்தில் பலகையை எடுத்து யார்மேலாவது எறியலாம் போலிருந்தது.

அப்போது பேயாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பரவைக்கும் மதுரைக்கும் பஸ் விட்டவன். சீமையிலிருந்து இதே தோல் வர வேண்டும் என்று அவன் பஸ்ஸும் சித்திரையிலிருந்து அந்த ஷெட்டுக்குள்தான் கிடந்தது. குத்தவைத்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தான். விரலை விட்டுத் தோலைத் தடவினான்.

"பாய், இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வெட்டித் தருவீங்களா?"

"தோலு தாரேன், ஆணி தாரேன். வெட்டுறது நீதான்."

"டேய் பேயாண்டி," கண்ணுச்சாமியின் குரல் உயர்ந்தது. "நீயா கையை வச்சேன்னா, உன் பஸ்ஸு இனிமே இந்த ஷெட்டுல நிக்காது, சொல்லிட்டேன்."

பேயாண்டி எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"நிக்க வேணாம்ணே," என்றான். "ஓடட்டும்."