கூடுதலாக ஒன்று

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் சிரித்தான். “உன் பட்டியல்ல ஏதோ ஒண்ணு ரெண்டு தடவை வந்திருக்கும்மா. வேற என்ன?”

அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவருக்கும் ஒரு வழக்கம். ஒரே கணக்கை ஆளுக்கொரு வழியில் போடுவார்கள். இருவரும் முடிக்கும்வரை விடையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். இந்த முறை எடுத்துக்கொண்டது, குறிப்பிட்ட அளவில், கணிதத்தில் ‘தீர்வுறு குலங்கள்’ என்று சொல்பவை எத்தனை இருக்க முடியும் என்ற கணக்கு. அடுக்கடுக்காகப் பிரித்தால் மிக எளிய துண்டுகளாக உதிர்ந்துவிடும் அமைப்புகள் அவை. அதே துண்டுகளை எத்தனை விதமாகத் திரும்ப அடுக்கலாம் என்று கேட்டால்தான் கணினிக்கே நாக்குத் தள்ளும். அவனுடைய நிரல் போன வாரமே முடித்துவிட்டது. அவளுடையது இன்று காலைதான் முடித்தது; கூடுதலாக ஒன்றைக் காட்டியது. இன்னும் சற்று நேரத்தில் அவன் தன் எண்ணைப் பல்கலைக்கழகத் துறை முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். வேலை நிரந்தரமாவது அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

“புருஷன் பெண்டாட்டிக்குள்ள என்ன போட்டி? யாராவது ஒருத்தர் விட்டுக் குடுங்களேன்,” என்றாள் சமையலறையிலிருந்து மாமியார்.

“விட்டுக் குடுத்தா அந்தக் கூடுதல் ஒண்ணு போயிடாதே அத்தை.”

அவனுடைய நிரல் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கைரேகை எடுக்கும்; ரேகை பொருந்தினால் இரண்டும் ஒன்றே என்று ஒன்றைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டதை அவள் தேடிப் பிடித்து, அதன் ஜோடியோடு பக்கத்தில் வைத்தாள். குலத்தின் உறுப்புகள் பிரிந்து நிற்கும் வகுப்புகளின் அளவுகள், அவன் ரேகை சொன்னபடியே, அச்சாகப் பொருந்தின. தன்னுடையதுதான் தப்பாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு உறுப்பையும் அதனாலேயே பெருக்கி, விடை எந்த வகுப்பில் போய் விழுகிறது என்று பார்த்தாள். விரல் நின்றுவிட்டது; ஜோடியில் ஒன்றில் ஒரு வகுப்பு, மற்றதில் வேறு வகுப்பு.

“என்னங்க... கொஞ்சம் வாங்களேன்.”

ஒரு கை மட்டும் சட்டைக்குள் நுழைந்திருக்க, அவன் குனிந்து பார்த்தான். வாசலில் டாக்ஸி ஹார்ன் அடித்தது.

“இதை என் ரேகை பார்க்கவே இல்லையே,” என்றான் மெதுவாக. முகம் வெளுத்திருந்தது. “இப்பதான் சொல்லணுமா நீ?”

“அங்க போனப்புறம் வேற யாராவது சொல்லட்டுமா?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தன் மடிக்கணினியைத் திறந்து, உரையின் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்த எண்ணை அழித்தான். வெற்றிடத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. ஹார்ன் மறுபடி அலறியது. அவன் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து, அவளைப் பார்க்காமலே, பாதி இடம் விட்டான்.