ஜெயந்தா வீட்டுக்கு எந்தக் கணினி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. வார இதழ்க்காரர் ஒருவர், "வீட்டுப் பாவனைக்கு லப்டொப்போ, டப்லெட்டோ, மேசைக் கணினியோ நல்லது எண்டு ஒரு கட்டுரை தாரும்" என்று கேட்டார். கட்டுரைக்கு ஓர் உதாரணம் வேண்டுமே. புங்குடுதீவில் பெரிய வீடொன்றில் தனியாக இருக்கும் ஜெயந்தாவைக் கற்பனையில் கூப்பிட்டேன். வந்தவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: கடற்காற்று வீசிய அந்த மாலையில் ஜெயந்தா… (வேண்டாம். தீவில் கடற்காற்று வீசாத மாலை எது?)

இரண்டாவது: கனடாவில் இருக்கும் அண்ணன் குலசிங்கம் தங்கைக்குக் கணினி வாங்கிக் கொடுக்கத் தீர்மானித்தார். சகோதரங்களின் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. மேசைக் கணினிக்கு அமோக வெற்றி. ஜெயந்தாவிடம் கேட்க மறந்துபோனார்கள்.*

(* மறதி என்று எழுதியது மரியாதைக்காக.)

அதற்குள் மேசையும் வந்துவிட்டது. வீட்டு வளவில் விழுந்த வேம்பை அரிந்து, தச்சர் அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்திய மேசை. இனி அது வாசலால் வெளியே போகாது. பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான்.

3

கட்டுரைப் பகுதி. மேசைக் கணினி: பெரிய திரை, நீண்டகாலம் உழைக்கும், வைத்த இடத்தில் இருக்கும். இந்தக் கடைசிக் குணம்தான் குலசிங்கத்துக்குப் பிடித்தது. வீடு பூட்டிக் கிடப்பதை அவரால் தாங்க ஏலாது. திருவிழாவுக்கு வந்து இறங்கும்போது வாசலில் ஆள் நின்று "வாங்கோ" என்று சொல்ல வேண்டும். டப்லெட்: படம் பார்க்க நல்லது. மடிக்கணினி: எங்கேயும் கொண்டுபோகலாம்.

ஜெயந்தா பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வாக்கியத்தை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கைபேசியில் தமிழ் படிப்பிக்கிறாள். அதை யாழ்ப்பாண நகரத்தில் இருந்தும் செய்யலாம். சிநேகிதி மேர்சி அங்கே ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாள். விடிந்தால் ஆள் சத்தம் கேட்கிற வீதி. தலை முழுக்க நரைக்குமுன் அப்படி ஓர் இடத்தில் இருந்து பார்க்க அவளுக்குப் பெரிய ஏக்கம்.

(இவ்வளவு துணிவு இவளுக்கு வருமா என்று எனக்கே சந்தேகம். அவளிடமே கேட்டேன். "நீர் எழுதும், நான் வாறன்" என்றாள்.)

4

"அண்ணை, எனக்கு லப்டொப் போதும்."

"மடியில வச்சு என்ன செய்யப்போறாய்? அந்த மேசை சும்மா கிடக்கப்போகுதே?"

"கிடக்கட்டும். நான் யாழ்ப்பாணத்துக்குப் போய் இருக்கப்போறன்."

"அப்ப வீடு?"

"வீடு எங்கயும் போகாதண்ணை."

குலசிங்கத்தைக் கெட்டவராக்கினால் என் வேலை சுகம். ஆனால் அவர் சொன்னது இது.

"நீ அங்க இருக்கிறபடியாத்தான் தங்கச்சி, எனக்கு ஊரெண்டு ஒண்டு இருக்கு."

"ஓம் அண்ணை. எனக்கு என்ன இருக்கு?"

அதற்குக் குலசிங்கம்…

5

முடிவு அ: மடிக்கணினி வருகிறது. ஜெயந்தா பஸ் ஏறுகிறாள். நாங்கள் கைதட்டுகிறோம். திருவிழாவுக்கு வருகிறவர்கள் பூட்டின கதவுக்கு முன் நிற்கிறார்கள்.

முடிவு ஆ: மேசைக் கணினி வருகிறது. அதன் பெரிய திரையில் சகோதரங்கள் எல்லோரும் தெரிகிறார்கள். எதிரில் அவள் ஒருத்தி.

முடிவு இ: டப்லெட். எல்லோருக்கும் சமாதானம், ஒருவருக்கும் பிரயோசனமில்லை. கட்டுரையாளர்கள் விரும்பும் முடிவு.

இதில் ஒன்றையும் நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். கனடாவிலோ கொழும்பிலோ இருந்து வாசிக்கிறீர்கள் என்றால் அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் ஊர் வீட்டுப் பூட்டின் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது? அவருக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுத்து, எந்தக் கணினி வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்துவிட்டு, பிறகு எழுதுங்கள்.