பலாமரத்தின் மேல் விழுந்த பழி

கூரையில் தடதடவென்று சத்தம் கேட்டதும் நிரஞ்சலா அரிசி கழுவுவதை அப்படியே விட்டுவிட்டு, தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். குரங்குக் கூட்டம். ஒன்று கொடியில் காய்ந்த சட்டையை இழுத்தது. இன்னொன்று தண்ணீர்த் தாங்கியின் குழாயைப் பிடித்து ஆட்டியது. போன மாதம்தான் உடைந்த ஓடுகளை மாற்றியிருந்தார்கள். அதற்குள் இரண்டு ஓடு மறுபடியும் முற்றத்தில் நொறுங்கிக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ! திரும்பவும் வந்திட்டுதுகள்!"

கணவர் விமலநாதன் முகத்தில் சவர்க்கார நுரையோடு எட்டிப் பார்த்தார். "எல்லாம் அந்தப் பலாமரத்தால வாற வினை. நாளைக்குக் கிராம சேவகர் வாறார்தானே, ஒரு முடிவு கட்டுவம். நீர் உள்ள வாரும்."

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது அவர்கள் வீடு. அந்தப் பலாமரம் பக்கத்து வீட்டு றம்லத்துடையது. கணவனை இழந்த பிறகு றம்லத்துக்குக் கைகொடுத்தது அந்த மரம்தான். காய்க்கும் காலத்தில் பிஞ்சுப் பலாக்காயைக் கறியாக்கிப் பாலத்தடிக் கடைகளுக்குக் கொடுப்பாள். முற்றினதைச் சுளையாக்கி விற்பாள். பெருநாளுக்கு அவள் வீட்டு வட்டிலப்பம் இங்கே வரும், நத்தார்ப் பண்டிகைக்கு இங்கிருந்து கேக் அங்கே போகும். அப்படிப்பட்ட அயலவளுடைய மரத்தைத்தான் ஆபத்தானது, தறிக்க வேண்டும் என்று நிரஞ்சலா இரகசியமாக அரசாங்கத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தாள். சட்டப்படி பலாவை நினைத்தபாட்டுக்குத் தறிக்க முடியாது. கிராம சேவகர் வந்து பார்த்து, ஆபத்துத்தான் என்று எழுதினால்தான் காரியம் மேலே போகும்.

அந்தப் பெட்டிசம் போன நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. இருந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் இருக்கத் தோன்றியது. போதாததற்கு றம்லத் வேலியோரம் வந்து, "அக்கா, யாரோ எங்கட மரத்துக்குப் பெட்டிசம் போட்டீக்காங்க எண்டு செல்றாங்க. யாரா இருக்கும்?" என்று கேட்டபோது, "ஆரெண்டு தெரியேல்லை" என்று வாய் கூசாமல் சொல்லியும்விட்டாள். பொய் சொன்ன நாக்கு இரவு ஜெபத்தின்போது சும்மா விடுமா? ஆமென் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தரம் தடுமாறியது.

குரங்குகள் வந்த அன்று புதன்கிழமை. பின்னேரம் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம் அவள் வீட்டில். வேதபாடம் சொல்வதும் அவள்தான். பதினைந்து பேர் வருவார்கள் என்றால் இருபத்தைந்து பேருக்குச் சமைப்பது நிரஞ்சலாவின் கணக்கு. கூட்டம் இல்லாத நாளிலும் அதே கதைதான். வீட்டில் இரண்டே பேர். அதிலும் விமலநாதன் நீரிழிவுக்காரர், இரண்டு அகப்பைச் சோற்றுக்கு மேல் தொடமாட்டார். என்றாலும் பானை நிறையவே வேகும். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், ஒருநாள் பசியோடு வந்த போதகருக்குக் கொடுக்க ஒரு பிடி சோறில்லாமல் அவளுடைய அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அதைப் பார்த்தவளுக்குப் பானையின் அடி தெரிந்தாலே நெஞ்சு படபடக்கும். பாவம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அவள் கொட்டின சோற்றை யார் கணக்குப் பார்த்தார்கள்?

கொட்டுவதிலும் அவளுக்கு ஒரு வெட்கம் இருந்தது. நகரசபைக் குப்பை லொறிக்குக் கொடுத்தால் பையைப் பார்த்து, இந்த வீட்டில் இவ்வளவு சோறா என்று ஒழுங்கைச் சனம் முழுக்கப் பேசும். ஆகவே பின்மதிலுக்கு மேலால் பள்ளத்தில் கவிழ்த்துவிடுவாள். பள்ளம் யாரிடமும் போய்ச் சொல்லாது என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வந்தது ஏழு பேர். நிரஞ்சலா வனாந்தரத்தில் மன்னா பொழிந்த கதையைச் சொன்னாள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கச் சொன்னார் ஆண்டவர், பேராசையில் கூட எடுத்து வைத்தவர்களின் மன்னா விடிவதற்குள் புழுத்து நாறியது என்று உருக்கமாக விளக்கினாள். பெண்கள் தலையாட்டினார்கள். பிறகு மஞ்சள் சோறும் கோழிக்கறியும் பரிமாறினாள். அவர்கள் போனதும் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். முந்தநாள் சோறும் ஞாயிற்றுக்கிழமைப் பருப்பும் இடம் தராமல் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வாளியில் எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள். மன்னாவைப் பற்றிப் பேசின வாய் அப்போதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தேத்தண்ணீர்க் கோப்பையோடு யன்னலில் நின்றவள் குரங்குகள் வருவதைக் கண்டாள். பலாமரத்தில் ஏறின. மழைக்காலம், மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை. அவை நிற்கவுமில்லை. கொப்பு விட்டுக் கொப்பு தாவி, மதிலில் இறங்கி, நேரே பள்ளத்துக்குப் போயின. சற்று நேரத்தில் பெரிய கடுவன் குரங்கு ஒன்று மதிலில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு கையிலும் மஞ்சள் சோறு.

நிரஞ்சலா கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்தாள். சொல்லாமலே விட்டால் யாருக்கும் தெரியாது. மரம் போய்விடும். தன் பெயர் வெளியில் வராது. சொன்னால் மரம் தப்பும், றம்லத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? அறைக்கும் குசினிக்கும் நடந்து நடந்து கால் உளைந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதும் அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை.

கிராம சேவகர் அஜந்தன் பன்வில தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பையன், வேலைக்குப் புதிது. மரத்தைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். "மரம் நல்லா வைரமா நிக்குதுங்களே. காயையும் காணோம். அப்புறம் எதுக்குங்க குரங்கு வருது?"

"இந்த மரத்தாலதான் தம்பி வருதுகள்," என்றார் விமலநாதன். "மரத்தைத் தறிச்சால் எல்லாம் சரி."

றம்லத் முக்காட்டைப் பிடித்தபடி நின்றாள். "சேர், வாப்பா நட்ட மரம். இது போனா நான் பிள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க?" அஜந்தன் பேனையை எடுத்தார்.

"எழுதாதேங்கோ தம்பி!"

எல்லோரும் திரும்பினார்கள். நிரஞ்சலா வேலியடிக்கு ஓடி வந்தாள். "பிழை மரத்தில இல்லை. நான் மிஞ்சின சோத்தைப் பின்னால கொட்டுறனான். அதைத் திண்டு பழகித்தான் குரங்குகள் வருதுகள். வந்து பாருங்கோ, நேற்றுக் கொட்டினதும் அங்கதான் கிடக்கு." பிறகு றம்லத்தைப் பார்த்தாள். "பெட்டிசம் போட்டதும் நான்தான், றம்லத்."

றம்லத் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்கட சோத்தப் பள்ளத்தில கொட்டினீங்க," என்றாள். "எங்கட சோத்த அடியோட வெட்டப் பாத்தீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரத்தால் ஆபத்தில்லை என்று எழுதிக்கொண்டு அஜந்தன் புறப்பட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் திருப்பத்தில் மறையுமுன்பே நிரஞ்சலா மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். மழை தூறியது. அழுகின சோறும் எலும்பும் அடுக்கடுக்காகக் கிடந்தன. குழி வெட்டி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு மூடினாள். நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகையும் வந்தது.

"ஆக்கள் பாக்கினம், மேல வாரும்," என்று விமலநாதன் மதிலுக்கு மேலால் கெஞ்சினார். "ஆரையும் பிடிச்சுச் செய்விப்பம்."

"பாக்கட்டும்!" என்று நிமிர்ந்தாள் நிரஞ்சலா. "கொட்டேக்க ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டு கொட்டினனான். அள்ளேக்க எல்லாரும் பாக்கட்டும். இந்தச் சோறு என்ர சொத்தில்லையப்பா, ஆண்டவர் என்னை நம்பி ஒப்படைச்சது. அண்டண்டைக்குச் சாப்பாட்டைத் தாரும் எண்டு முழந்தாளில நிண்டு கேக்கிறன். தாறார். தந்ததில பாதியை இஞ்ச கொண்டந்து கொட்டிப்போட்டு, அடுத்த நாளும் போய்க் கேக்கிறன். சோத்தை வீணாக்கிப்போட்டுச் சோத்துக்காக ஜெபிக்கிறது ஜெபமில்லை, அவரைப் பகிடி பண்ணுறது!"

வேலிக்கு அந்தப் பக்கம் றம்லத் வந்து நின்றதை அப்போதுதான் கண்டாள். றம்லத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் முழுதாகப் போகவில்லை.

"ஆண்டவனுக்குச் செல்லிட்டீங்க அக்கா," என்றாள் அவள். "இனி ஒங்கட பானைக்கும் செல்லுங்க."