நீல ஜன்னலில் ஒரு கயிறு

கொக்கியும் ரிப்பனும் கொடுக்க நடனக் கூடத்துக்கு வந்த பொத்தான் கடைக்காரி, சுவரில் மாட்டியிருந்த படத்தில் தன்னையே பார்த்தாள். ஒற்றைக் காலில் எம்பி, வலக்கையை வானத்துக்கு நீட்டி நிற்கிறாள். வயது இருபத்திரண்டு. படத்தின் பெயர் ‘நீல ஜன்னல்’. ஜன்னலுக்குப் பெயர் வைத்த ஓவியருக்கு, நின்றவளுக்கு ஒன்று வைக்கத் தோன்றவில்லை. படம் காலண்டர், பிஸ்கட் டப்பா வரைக்கும் ஏறிவிட்டது; ஓவியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாலி கட்டியவரே அந்தக் காலண்டரைக் கடையில் மாட்டி, “பொண்ணு லட்சணமா இருக்கால்ல?” என்று அவளிடமே கேட்டிருக்கிறார். படத்துக்கு நின்றவள் என்றால் ஊர் வாய் என்னென்ன தைக்கும் என்று தெரிந்தவள், முப்பத்தொரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் ஒத்திகை நடந்தது; படத்துப் பெண்களை மேடையில் பேசவைக்கும் ஆட்டமாம். குழுத்தலைவி அதே மாதிரி கையை நீட்டி எம்பினாள். தொப்பென்று விழுந்தாள். மூன்றாவது தடவை.

“அக்கா, அந்தப் படத்துப் பொண்ணுக்கு எலும்பே இல்லபோல,” என்றாள் ஒருத்தி.

“சும்மா இரு. அவளால முடிஞ்சிருக்கு. நமக்குத்தான் உடம்பு வணங்கல.”

மட்டச் சரக்கை உசத்தி என்று யாராவது நம்பினால் கடைக்காரிக்கு நாக்கு அரிக்கும்.

“அவளாலயும் முடியல டீச்சர். உத்தரத்துலேர்ந்து ஒரு கயிறு, கைக்கு. குதிகாலுக்குக் கீழ ஒரு செங்கல். ரெண்டையும் வரையாம விட்டுட்டாரு.”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

கேள்விப்பட்டேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கியிருக்கலாம். வாசல் நாலடியில்தான் இருந்தது.

“மரத்துப்போனது என் கையாச்சே.”

குழுத்தலைவி படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“அவர் டீ குடிக்கப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?”

கடைக்காரி செருப்பைக் கழற்றினாள். அன்று போலவே, மரத்த காலைத் தரையில் தட்டினாள். கையை உதறினாள், தோளைச் சுழற்றினாள். இல்லாத தாடியைத் தடவிக்கொண்டு, தொந்தியைத் தள்ளி ஓவியர் மாதிரியே கூடத்தைச் சுற்றி, “அசையாதே, அசையாதே!” என்று ஜன்னலை அதட்டினாள். பெண்கள் சிரித்துச் சிரித்து அவள் பின்னாலேயே காலைத் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

“இதுதான்க்கா நம்ம ஆட்டம்,” என்றாள் குழுத்தலைவி, மூச்சு வாங்க. “நோட்டீஸ்ல உங்க பேரைப் போடலாமா?”

கடைக்காரி நெற்றியைத் துடைத்தாள்.

“ஜன்னல் பேரைவிடப் பெரிசா போடணும். இதுல பேரம் கிடையாது. அப்புறம், முன் வரிசைல ரெண்டு சீட்டு. எங்க வீட்டுக்காரர் காலண்டர்லயே பார்த்துட்டிருக்காரு, பாவம்.”

“மொதல்லேர்ந்து!” குழுத்தலைவி கைதட்டினாள். எட்டுக் கைகள் வானத்துக்கு ஏறின. எங்கோ கயிறு அறுந்ததுபோல, ஒவ்வொன்றாக இறங்கின. சுவரில் இருந்தவள் மட்டும் இன்னும் எம்பி நின்றாள். அவளுக்கு நேர் எதிரே கடைக்காரி, இடது காலை மெல்லத் தட்டத் தொடங்கினாள்.